சனம் பெருத்தால் வாடகை ஏறுமா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மக்கள்தொகைப் பெருக்கமும் வீட்டுச் சந்தையும்" என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு, "பத்து நிமிசந்தானுங்க" என்று செயலாளர் கையைக் காட்டிவிட்டார். அடுத்தது சாப்பாடு. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"சனம் பெருத்துப் போச்சு, வாடகை ஏறிப் போச்சு." டீக்கடையில் இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். இது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டாம். தாராபுரத்தில் பஸ் ஏறினால் சுமார் 50 கிலோமீட்டரில் திருப்பூர்.

1991 கணக்கெடுப்பில் திருப்பூர் நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 2.35 லட்சம். 2011-ல் அதே பழைய எல்லைக்குள் 4.44 லட்சம். வேலம்பாளையம், நல்லூர், சுற்றுக் கிராமங்களையும் மாநகராட்சியில் சேர்த்துப் பார்த்தால் 8.77 லட்சம். அதாவது, ஊருக்குள் இருந்தவர்களுக்குச் சமமான கூட்டம் எல்லைக்கு வெளியே போய்க் குடியேறிவிட்டது. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு அப்போது நடக்காமல் போனதால் இந்தப் பழைய கணக்கைத்தான் சொல்ல முடிகிறது.

இத்தனை பேரும் அங்கே பிறந்தவர்களா? இல்லை. பனியன் வேலைக்கு வந்தவர்கள். முதலில் நம் பக்கத்துக்காரர்கள், பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல்காரர்கள், அதன் பின் பீகார், ஒடிசாக்காரர்கள். ஆர்டர் வந்தால் கம்பெனிக்காரர் இரண்டு மாதத்தில் இன்னொரு ஷெட் போட்டு, மெஷின் இறக்கி, நூறு பேரை வேலைக்கு எடுத்துவிடுவார். அந்த நூறு பேருக்கு வீடு இரண்டு மாதத்தில் வருமா? ரோடு, சாக்கடை, குடிதண்ணீர்க் குழாய், மனை அங்கீகாரம் என்று ஒவ்வொன்றுக்கும் வருடக் கணக்கில் ஆகும். திருப்பூருக்குப் பவானிப் பக்கமிருந்து புதிய பெரிய குழாயில் கூடுதல் தண்ணீர் வந்தது 2000-களின் நடுவில்தான். அதற்குள் பனியன் தொழில் எவ்வளவோ வளர்ந்துவிட்டது.

இந்த இடைவெளியில் முளைத்ததுதான் லைன் வீடு. ஒரே வரிசையில் எட்டோ பத்தோ. ஒரு ரூம், ஒரு சின்ன சமையல்கட்டு, எல்லாருக்கும் பொதுவாகக் குளியலறையும் கக்கூஸும். குறை சொல்வது சுலபம். ஆனால் அது இல்லாவிட்டால் அந்தத் தொழிலாளி எங்கே படுத்திருப்பான்? அரசாங்கமும் பெரிய பில்டர்களும் கட்டாத வீட்டைச் சின்ன நிலக்காரர்தான் கட்டினார்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. வாடகை ஏறுவது தலை எண்ணிக்கையால் மட்டும் அல்ல. வேலை வருகிற வேகத்துக்கும், தண்ணீரும் ரோடும் உள்ள மனை வருகிற வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தால்தான். 2020-ல் ஊரடங்கு வந்து வெளிமாநிலத்தார் ஊர் திரும்பியபோது நாட்டின் ஜனத்தொகை குறையவில்லை. ஆனால் வேலை நின்றதும் குடியிருக்க ஆள் இல்லாமல் போயிற்று.

இன்னொன்று. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைதான் என்று 2019–21 குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அப்படியானால் வீட்டுத் தேவை குறைய வேண்டாமா? குறையாது. ஆயிரம் பேர் ஐந்து ஐந்து பேராக வாழ்ந்தால் 200 வீடு போதும். நான்கு நான்கு பேராகப் பிரிந்தால் 250 வேண்டும். ஆள் ஒன்றுகூடக் கூடவில்லை, வீடு மட்டும் ஐம்பது கூடிவிட்டது! கூட்டுக் குடும்பம் பிரிந்த நம் தோட்டங்களில் நடந்தது இதுதானே?

சரி, நம் தாராபுரத்துக்கு வருவோம். ரயில் இல்லாத ஊர். திருப்பூர் போல மக்கள் இங்கே வந்து குவியவில்லை. காலையில் பனியன் கம்பெனி பஸ்கள் வந்து நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. பிறகு சைட் விலை மட்டும் ஏன் ஏறுகிறது? ஆளை ஏற்றிக்கொண்டு போகும் அதே ரோட்டில் பணம் இந்தப் பக்கம் வருகிறது. குடியிருக்க வாங்குகிறவரோடு, "வாங்கிப் போட்டு வைப்போம்" என்று வாங்குகிறவரும் போட்டி போடுகிறார். காட்டை அளந்து கல் நட்டு, கலர்க் கொடி கட்டுகிறார்கள். சோளம் விளைந்த இடத்தில் இப்போது சோளமும் இல்லை, வீடும் இல்லை. வேலிமுள்தான் வளர்கிறது.

நாடு முழுதும் இதே கதைதான். 2012-ல் மத்திய அரசின் வல்லுநர் குழு நகர்ப்புறத்தில் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. அதில் 95 சதவீதத்துக்கு மேல் ஏழை, குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத்தான். 2011 கணக்கெடுப்பிலோ நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வீடு வேண்டியவனிடம் காசு இல்லை. காசு உள்ளவனுக்கு அந்த வீடு தேவையில்லை.

நாம் என்ன செய்யலாம்? மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, மனை வாங்கும் தம்பி தங்கைகள் அங்கீகாரத்தைப் பார்த்து வாங்குங்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டபோது எத்தனை குடும்பங்கள் தவித்தன! புரோக்கர் வாய்வார்த்தை பத்திரம் ஆகாது.

இரண்டு, வீடு வாடகைக்கு விட்டிருக்கும் நண்பர்கள் ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 2019-ல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. குடியிருப்பவருக்கு ரேஷன் கார்டு, கேஸ், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் விலாசம் வேண்டும். அந்தத் தாள் அவருக்கு அவ்வளவு முக்கியம்.

மூன்று, சும்மா கிடக்கும் சைட்டை வைத்திருப்பவர்கள் இந்த அரங்கிலேயே பலர் உண்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள். அதில் நாலு சின்ன வீடு, தனித்தனிக் கக்கூஸோடு கட்டி நியாயமான வாடகைக்கு விடுங்கள். உங்களுக்கும் வருமானம். இந்தக் கல்லூரியில் படித்து முடித்து இந்த ஊரிலேயே குடும்பம் நடத்த நினைக்கும் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ அது கூரை.

திருப்பூர் வேகத்தில் வளர்ந்து அவதிப்பட்டது. மெதுவாக வளரும் நமக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைக் கல் நட்டே கழித்துவிடக் கூடாது.