புட்டி மட்டும் போதாது
(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் குழந்தைகள் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கையால் ஏழைக் குழந்தைகளுக்குப் போய்ச் சேரும் மருந்துகளில் ஒன்று ஆன்டிபயாடிக் சிரப். கிருமியால் வரும் நிமோனியாவுக்கும், காதுச் சீழுக்கும், சிறுநீர்த் தொற்றுக்கும் அதைத் தருகிறோம். சாதாரண சளிக்குத் தருவதில்லை. அது வைரஸால் வருவது. இந்த மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது.

மருந்தை எழுதிக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதையே இன்று சொல்ல வந்திருக்கிறோம். மீதி வேலை குழந்தையின் வீட்டு அடுப்படியில் நடக்கிறது.

அமாக்சிசிலின் சிரப் பெரும்பாலும் புட்டிக்குள் தூளாகவே வருகிறது. கொதித்து ஆறிய தண்ணீரைப் புட்டியில் குறித்துள்ள கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கியபின் மட்டம் இறங்கியிருந்தால் மீண்டும் கோடு வரை ஊற்ற வேண்டும். தண்ணீர் குறைந்தால் ஒவ்வொரு வேளையும் மருந்து கூடும். தண்ணீர் கூடினால் மருந்து குறையும். ஆகவே எங்கள் நர்ஸ் தாயின் கண்முன்னே கலந்து காட்டுகிறார். கொடுக்கும் ஒவ்வொரு முறையும் புட்டியைக் குலுக்கச் சொல்லுகிறார். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும்.

அடுத்தது அளவு. குழந்தையை நிறுத்துப் பார்த்து, எடைக்கு ஏற்ப மருத்துவர் அளவு எழுதுகிறார். மூத்த பிள்ளைக்கு எழுதியது இளைய பிள்ளைக்கு ஆகாது. ஒரே பெயருள்ள மருந்திலும் வீரியம் வேறுபடும். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் உண்டு. 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப் என்று நினைத்து அதில் 5 மில்லி புகட்டினால், 125 மில்லிகிராமுக்குப் பதிலாக 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும்.

வீட்டு ஸ்பூன்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. பாலாடையில் அளவுக்கோடு கிடையாது. எனவே ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றைப் புட்டியோடு கொடுத்து, வேண்டிய அளவில் பிளாஸ்திரி ஒட்டிவிடுகிறோம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அந்தக் கோடு வரை இழுத்துச் சரியாகக் கொடுக்கலாம். மருந்து உறையில் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் வரைந்து தருகிறோம்.

குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். மூக்கைப் பிடித்து ஊற்றினால் மருந்து மூச்சுக்குழலில் இறங்கிவிடக் கூடும். பால்புட்டியில் கலந்தால், குழந்தை பாலை மிச்சம் வைக்கும்போது மருந்தும் மிச்சமாகிவிடும். கொடுத்த அரை மணி நேரத்திற்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளை மருந்தை மறுபடியும் கொடுக்கச் சொல்லுகிறோம். உடம்பில் தடிப்பு, முக வீக்கம், மூச்சுத் திணறல் கண்டால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஓடி வரச் சொல்லுகிறோம்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்தி, மீதியை அடுத்த பிள்ளைக்கு என்று பத்திரப்படுத்தும் தாய்மார் உண்டு. அது அலட்சியமல்ல, வறுமை கற்றுக்கொடுத்த சிக்கனம். ஆனால் கரைத்த சிரப் சில நாட்களே வீரியத்தோடு இருக்கும். சிலவற்றைக் குளிர்ப்பெட்டியில்தான் வைக்க வேண்டும். அந்த வசதி வீட்டில் உண்டா என்று கேட்டே எழுதுகிறோம். மருத்துவர் சொன்ன நாட்கள் வரை கொடுத்தபின் மிஞ்சுவதைக் கொட்டிவிட வேண்டும். தண்ணீரில் கரையும் அமாக்சிசிலின் மாத்திரை கிடைக்கும்போது இந்தச் சிரமங்கள் பல குறைகின்றன.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945ஆம் ஆண்டு தமது நோபல் உரையிலேயே, அளவு குறைந்த மருந்து கிருமிகளை அதற்குப் பழக்கிவிடும் என்று எச்சரித்தார். 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகமெங்கும் ஏறத்தாழ 12,70,000 பேர் மரித்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் அளவு தவறுவதால் வரும் கேடு அந்த வீட்டோடு நிற்பதில்லை.

ஆகையால் உங்களிடம் இரண்டு விண்ணப்பங்கள். முதலாவது, வீட்டில் மிஞ்சிய சிரப்பை அன்போடு எங்களிடம் கொண்டுவருகிறவர்கள் உண்டு. உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் அதை நாங்கள் எந்தக் குழந்தைக்கும் கொடுக்க முடியாது. இரண்டாவது, ஒரு புட்டி மருந்துக்குக் கொடுக்கும்போது, அதோடு ஒரு சிரிஞ்சையும், தாயோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் நர்ஸின் கால் மணி நேரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால் மணி நேரம் இல்லாவிட்டால் நீங்கள் கொடுத்த மருந்து வீணாகலாம்; தீங்காகவும் முடியலாம்.

எங்கள் நர்ஸுமாருக்காகவும், இரவில் விழித்திருந்து மருந்து புகட்டும் தாய்மாருக்காகவும் ஜெபியுங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் சுகத்தோடு காத்துக்கொள்வாராக.