விளக்கு நிழலில், தகடு வெயிலில்

வேப்பமரத்தடியில் ஒரு சோலார் விளக்கு நட்டிருப்பீர்கள். சாயங்காலம் பளிச்சென்று எரியும். எட்டு மணிக்குள் மங்கிவிடும். உடனே மட்டமான சரக்கு என்று விளக்கைத் திட்டுவோம். பாவம், அதற்குப் பகலில் வெயிலே கிடைக்கவில்லை.

முழு நிழல் விழ வேண்டும் என்றுகூட இல்லை. விளக்கின் சோலார் தகட்டில் உள்ள செல்கள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. தோட்டத்து ரப்பர் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் கடைசிவரை தண்ணீர் குறைகிறதல்லவா? அப்படித்தான். ஒரு மூலையில் கிளையின் நிழல் விழுந்தாலே மொத்த மின்சாரமும் குறையும்.

அதற்காக மரத்தை வெட்டிவிடாதீர்கள். தகடு தனி, விளக்கு தனி, நடுவில் ஒயர் என்று வரும் விளக்குகள் கடையில் கிடைக்கின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள். விளக்கு மரத்தடியில் இருக்கட்டும். தகடு மொட்டைமாடிக்குப் போகட்டும். நம் ஊரில் தெற்குப் பார்த்து, கொஞ்சம் சாய்த்து வையுங்கள். விளக்கு நிழலில், தகடு வெயிலில். அவ்வளவுதான்.

இன்னொன்று. தெருவிளக்கின் வெளிச்சம் தகட்டில் விழக் கூடாது. விழுந்தால், இன்னும் பகல்தான் என்று விளக்கு எரியாமலே இருந்துவிடும். அவ்வப்போது ஈரத்துணியால் தகட்டைத் துடைத்துவிடுங்கள். காக்கை எச்சம் விழுந்தாலும் அது நிழல்தான்.