குறுவட்டம் என்னும் முதற்படி

(யூபிலி விழாக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



யூபிலி மேடையிலே கோயில் எழும்பிய வரலாற்றைச் சொல்லுவார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்போ பள்ளிகளின் விளையாட்டுப் போட்டி வரலாறு. கோயில் விழாவில் ஓட்டப்பந்தயத்திற்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், புனித சின்னப்பரைக் காட்டிவிடுவேன். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், 9ஆம் அதிகாரத்தில், விசுவாச வாழ்வுக்கு அவர் எடுத்த உவமையே ஓட்டப்பந்தயம்தான். கொரிந்து நகருக்குப் பக்கத்திலே இரண்டாண்டுக்கு ஒருமுறை இஸ்துமியப் போட்டிகள் நடந்துவந்தன. கேட்கிறவர்களுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் அவர் பேசினார்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த போட்டி குறுவட்டம். பெரியவர்கள் இன்றும் 'ஜோனல்' என்றே சொல்லுகிறார்கள். அக்கம்பக்கத்துப் பள்ளிகளை ஒரு வட்டமாகச் சேர்த்து, அவற்றில் ஒரு பள்ளி பொறுப்பேற்று நடத்துவது குறுவட்டப் போட்டி. அங்கே வென்றவர் வருவாய் மாவட்டத்துக்குப் போகிறார். அங்கிருந்து மாநிலம், மாநிலத்திலிருந்து தேசியப் போட்டி. காலப்போக்கில் நடுவிலே கல்வி மாவட்டம், மண்டலம் என்று படிகள் கூடியதும் உண்டு, குறைந்ததும் உண்டு. ஆனால் முதற்படி பெரும்பாலும் குறுவட்டம்தான். 

இந்த ஏணி ஒரே நாளில் வந்ததல்ல. சென்ற நூற்றாண்டுக்கும் முன்பே மிஷன் பள்ளிகள் கால்பந்தையும் டிரில்லையும் கொண்டுவந்துவிட்டன. நம் பக்கத்துத் திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன், பிற்காலத்து ரமண மகரிஷி, மதுரையில் மிஷன் பள்ளிகளில் படித்த காலத்தில் கால்பந்திலும் மல்யுத்தத்திலும் ஆர்வமாக இருந்தவர் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். ஆனால் அப்போது விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கத் தனியாகப் பயின்ற ஆசிரியர் கிடையாது. 1920இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இந்திய அணியை 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆனால் கழுத்திலே விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போகும் ஒவ்வோர் ஆசிரியரும் அவருக்குக் கடன்பட்டவர். அவர் தொடங்கிய கல்லூரியிலே பயின்றவர்கள் மாகாணமெங்கும் பரவியபிறகுதான், ஒரு பள்ளி இன்னொரு பள்ளியோடு ஒரே விதிப்படி மோதுவது சாத்தியமாயிற்று. நாடு விடுதலை அடைந்தபின், 1954இல் இந்தியப் பள்ளி விளையாட்டுக் குழுமம் ஏற்பட்டது. அதோடு ஏணியின் உச்சிப்படியும் கிடைத்துவிட்டது.

நம் பகுதிக்கு வருவோம். 1910இல் அமைந்த பழைய இராமநாதபுரம் மாவட்டம் மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கிக் கிழக்கே இராமேசுவரம் கடலில் முடிந்தது. மலையடிவாரத்துப் பையனும் கடற்கரைப் பையனும் ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள். மாவட்டப் போட்டி என்றால் அது பாதி மாநிலப் போட்டி. 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் காமராஜர் மாவட்டத்தோடு வந்தன. அதுவே பின்னாளில் விருதுநகர் மாவட்டமாயிற்று. பிரிவினையால் யாருக்கு என்ன நன்மை என்பதை அரசியல் மேடையில் பேசிக்கொள்ளட்டும். ஓடுகிற பிள்ளைக்கு ஒரு நன்மை கண்கூடு: ஒரு மாவட்டத்துக்கு ஒரு முதலிடம் என்று இருந்தது, மூன்று முதலிடமாயிற்று.

அதற்கு முன்னே 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. பதினோராம் வகுப்போடு பள்ளியை விட்டுப் போனவர்கள் இன்னும் ஓராண்டு பள்ளியில் தங்கினார்கள். இன்று 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். மாநிலப் போட்டிகள் பாரதியார் தினம், குடியரசு தினம் என்னும் இரண்டு பெயர்களில் நடைபெறுகின்றன. பாரதியார் பிறந்த எட்டயபுரம் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்தப் பெயர் தாங்கிய போட்டிக்கு நம் பிள்ளைகள் போகவில்லையென்றால் வேறு யார் போவது?

வயதுப் பிரிவு என்றேன். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஐப்பசியில் பிறந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது 'மே மாதம்' என்று எழுதிச் சேர்த்த பழக்கம் நம் பக்கத்தில் வெகுகாலம் இருந்தது. ஐந்து வயது நிரம்பவில்லை, வீட்டிலே பார்த்துக்கொள்ள ஆளில்லை, அம்மா களைவெட்டுக்குப் போக வேண்டும். ஆகவே சில மாதம் கூட்டி எழுதுவது. யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைத்தார்கள். ஆனால் அந்தச் சில மாதம் பிள்ளையைப் பதின்மூன்று வயதிலேயே மேல்பிரிவுக்குத் தள்ளிவிடும். அந்த வயதில் ஓராண்டு என்பது நாலு விரற்கடை உயரம், இரண்டு எட்டு வேகம். நம் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் மெய்யான பிறந்த தேதி அழகாக எழுதியிருக்கும். பள்ளிப் பதிவேட்டில் வேறு தேதி இருக்கும். போட்டிக்குச் செல்லுவது பள்ளிப் பதிவேடும் பிறப்புச் சான்றிதழுமே. இன்று மருத்துவமனையில் பிறப்பதால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் பெற்றோர்களே, இரண்டு தாளையும் எடுத்து ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

குறுவட்டம் பெரும்பாலும் ஆடி மாதத்தை ஒட்டி நடக்கும். மற்ற ஊர்களுக்குத் தென்மேற்குப் பருவம் மழை கொண்டுவரும். நமக்கு அது காற்று மட்டும் கொண்டுவரும். கரிசல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும் ஆடிக்காற்றை எதிர்த்து 100 மீட்டர் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சர்வதேச விதிப்படி, ஓடுகிறவருக்குப் பின்காற்று வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் இருந்தால் சாதனையாகப் பதிய மாட்டார்கள். எதிர்காற்றுக்கோ எந்தச் சலுகையும் கிடையாது. நம் பிள்ளைகளின் நேரத்தைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவது வழக்கம்.

உயரம் தாண்டுதலும் அப்படித்தான். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் பாஸ்பரி முதுகைத் திருப்பித் தாண்டித் தங்கம் வென்றார். அதற்குப்பின் உலகமே அவரைப் பின்பற்றியது. ஆனால் அந்த முறைக்குக் கீழே பஞ்சு மெத்தை வேண்டும். மணல் குழியில் முதுகால் விழுந்தால் கழுத்து என்னவாகும்? ஆகவே மெத்தை இல்லாத பள்ளிப் பிள்ளை, உலகம் கைவிட்ட கத்தரித் தாண்டலையே தாண்டிக்கொண்டிருக்கிறான். திறமைக்குறைவு என்று நாம் நினைப்பதில் பாதி மெத்தைக்குறைவு.

இவ்வளவு குறை இருந்தும் குறுவட்டத்தை நான் பெரிதாகப் பேசக் காரணம் உண்டு. கிளப்பில் சேரப் பணம் வேண்டும். பயிற்சிக்கூடத்துக்குப் போகப் பட்டணம் வேண்டும். குறுவட்டத்துக்குப் பள்ளியில் பெயர் இருந்தால் போதும். மதுரைக்குப் பக்கத்தில் சக்கிமங்கலம் என்னும் ஊர். அங்கே சிறுவயதிலேயே தாய் தந்தையை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியிடம் வளர்ந்தவர் ரேவதி வீரமணி. பள்ளியில் படிக்கும்போது ஒரு மண்டலப் போட்டியில் அவர் வெறுங்காலோடு ஓடினார். அதைக் கண்ணன் என்னும் பயிற்சியாளர் பார்த்தார். பாட்டிக்கு முதலில் சம்மதமில்லை. பயிற்சியாளர் பேசிச் சம்மதிக்கவைத்தார். லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்கச் செய்தார். 2021ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி, டோக்கியோ ஒலிம்பிக்கில் 4 x 400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ரேவதி ஓடினார். அந்த நால்வரில் திருச்சி சுபா வெங்கடேசனும், லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவும் இருந்தார்கள். நான்கு பேரில் மூவர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள்! அணி இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. அதனாலென்ன? அன்று அந்த மண்டலப் போட்டிக்கு அனுப்பாமல் வீட்டிலே நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் நான் நினைத்துப் பார்க்கிறேன்.

ஏனென்றால் நாம் நிறுத்துகிறோம். கோபித்துக்கொள்ளாதீர்கள், கோயில் முற்றத்தில் நின்று பொய் சொல்லக் கூடாது. 14 வயதுப் பிரிவில் நம் பெண்பிள்ளைகள் கோ-கோவிலும் கபடியிலும் பூப்பந்திலும் கூட்டமாக நிற்பார்கள். 17 வயதுப் பிரிவுக்கு வரும்போது அணிக்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடு. "பெரியவளாயிட்டா சார், இனிமே வேண்டாம்" என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். அரைக்கால் சட்டை போட வேண்டுமே என்பார்கள். சாயங்காலம் பஸ் இருக்காதே என்பார்கள். உடையைப் பற்றிய கவலைக்கு வழி உண்டு. முழுக்கால் உடையோடு ஆட எத்தனையோ பிள்ளைகளை அனுப்பியிருக்கிறோம். பஸ்ஸுக்கும் வழி உண்டு. அம்மாவே கூட வரலாம். வர வேண்டும் என்பதே என் ஆசை.

இந்தப் பயம் நமக்கு மட்டும் உள்ளது என்று நினைக்க வேண்டாம். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்ததும் களைத்து விழுந்தார்கள், பெண் உடம்பு தாங்காது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். போட்டியையே எடுத்துவிட்டார்கள். மறுபடி சேர்த்தது 1960இல், அதுவும் நம் திருத்தந்தை வாழும் உரோமை நகரில் நடந்த ஒலிம்பிக்கில். 32 ஆண்டுகள்! படித்த ஐரோப்பியர்களே அத்தனை காலம் எடுத்துக்கொண்டார்கள் என்றால், நம் பாட்டிமார்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த 32 ஆண்டு, இங்கே ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்குக் கிடையாது. அவளுக்கு இருப்பது இரண்டே ஆடி மாதம். 2020இலும் 2021இலும் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, ஒரு பிரிவின் வயதையே பல பிள்ளைகள் வீட்டுக்குள் கழித்துவிட்டார்கள். அந்த வயதை யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்?

இன்னொரு பேச்சும் உண்டு. விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வது. ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், வாரம் இரண்டு பீரியடும் போய்விட்டது. கேட்டால், "ஓடினால் மார்க் வருமா?" என்றார்கள். மார்க் வராது. ஆனால் தேசியப் பள்ளிப் போட்டியில் ஆடியவருக்கு நான்காம் படிவம் என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரருக்கென 3 சதவீத இடம் இருக்கிறது. அதைக் கேட்டுப் போகும்போது இப்படிப்பட்ட சான்றிதழ்களைத்தான் பார்க்கிறார்கள். இதை ஆசை காட்டச் சொல்லவில்லை. ஆயிரத்தில் ஒருவருக்குக் கிடைப்பதை எல்லாருக்கும் கிடைக்கும் என்று சொல்லுவது பாவம். மற்ற 999 பேருக்கும் கிடைப்பது வேறு: தோற்ற பின்னும் எதிரணிக்குக் கைகொடுத்துவிட்டு, ஒரே பஸ்ஸில் ஏறி வீடு திரும்பும் பழக்கம். சாதி பார்த்துத் தெருவைப் பிரித்துக்கொண்டிருக்கும் நம் ஊர்களில், அது லேசான காரியமா?

பங்குத்தந்தை அவர்கள், யூபிலி நினைவாக இளைஞருக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். கோபுரத்துக்கு விளக்கு, மணிக்கூண்டு என்று பலர் பலவிதமாகச் சொன்னார்கள். நான் கேட்பது செலவில்லாதது. கோயிலுக்குப் பின்னால் சீமைக்கருவேல் மண்டிக்கிடக்கும் பொட்டலைச் சுத்தம் செய்து தாருங்கள். 200 மீட்டர் ஓடுபாதைக்கு வேண்டியதைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். நேர்ப்பகுதி இரண்டும் 50 மீட்டர்; வளைவின் ஆரம் 15.7 மீட்டர். சுண்ணாம்புக் கோடாகப் போட்டால் உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி அளக்க வேண்டும். அதையும் சேர்த்தே இந்தக் கணக்கு. 1.22 மீட்டர் அகலத்தில் நான்கு ஓடுதடம் போட்டாலும், நீளம் 92 மீட்டர், அகலம் 42 மீட்டர் போதும். ஒரு ஏக்கருக்குள் அடங்கிவிடும். நடுவிலே கபடிக்கும் கோ-கோவுக்கும் இடம் மிஞ்சும். 100 மீட்டர் நேர் ஓட்டத்துக்கு மட்டும் இடம் பற்றாது. அதைக் கண்மாய்க்கரைப் பாதையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆடி பிறக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை காலைத் திருப்பலி முடிந்ததும் அரிவாளோடும் மண்வெட்டியோடும் வருகிறவர்கள் வாருங்கள். அளவு நாடாவும், முளைக்குச்சியும், கயிறும் என்னிடம் இருக்கின்றன. சுண்ணாம்பு இரண்டு மூட்டை வேண்டும்.