பனிமேல் பதித்த பெயர்கள்



இன்று பிப்ரவரித் திங்கள் முதல் நாள். தமிழ்க் கணக்கில் தை மாதம். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பது பழமொழி. ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்த தமிழர், முன்பனி, பின்பனி என இரண்டைப் பனிக்கே ஒதுக்கினர். புல்நுனியில் நிற்கும் துளியும் பனிதான். குளிர்நாட்டில் ஆற்றை மூடும் பாளமும் பனிதான். தரையைத் துளைக்கும் பனியை அறிந்தவர்கள், பனியே தரையான கதையையும் அறிவது தகும். அது நடந்த இடம் இலண்டன் மாநகரின் தேம்சு ஆறு.

1814ஆம் ஆண்டு இதே பிப்ரவரி முதல் நாளில், உறைந்த தேம்சின்மேல் ஒரு சந்தை கூடிற்று. இலண்டன் பாலத்துக்கும் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்துக்கும் இடையே கூடாரங்கள் எழுந்தன. மது விற்றனர், ஆட்டை முழுதாக வாட்டி, 'லாப்லாந்து ஆட்டுக்கறி' என்று பெயரிட்டனர். ஒரு துண்டு தின்ன ஒரு ஷில்லிங். வாட்டுவதைப் பார்க்க மட்டும் ஆறு பென்ஸ். சமையலின் மணத்துக்குக் காசு கேட்டவனுக்குக் காசின் ஓசையை மட்டும் கொடுக்கச் சொன்ன நீதிபதியின் கதையைத் தமிழ்ச் சிறுவர்கள் கேட்டதுண்டு. தேம்சின்மேல் அத்தகைய நீதிபதி எவரும் வரவில்லை, காசே கைமாறியது. ஆறு உறைந்ததால் பிழைப்பிழந்த படகோட்டிகள், பனிமேல் இறங்குவோரிடம் கட்டணம் வாங்கினர். யானை ஒன்றையும் ஆற்றின் குறுக்கே நடத்திச் சென்றதாகச் சொல்வர்.

ஆறு உறைந்ததற்குக் குளிர் மட்டுமே காரணமன்று. பழைய இலண்டன் பாலத்தின் நெருங்கிய தூண்கள் நீரோட்டத்தைத் தடுத்தன. மிதந்துவந்த பனிக்கட்டிகள் அவற்றினிடையே சிக்கி இறுகின. 1831இல் புதிய பாலம் திறக்கப்பட்டது, பழையது இடிக்கப்பட்டது. பின்னர்க் கரைகள் கட்டப்பட்டு ஆறு ஒடுங்கி விரைந்தது. ஆகவே 1814இன் சந்தையே கடைசிச் சந்தையாயிற்று.

கவிஞர்கள் கருதவேண்டிய செய்தி வேறொன்று உண்டு. இத்தகைய சந்தைகளில் கறிக்கடைக்கு ஈடாகக் கூட்டம் சேர்ந்தது அச்சுப்பொறியைச் சுற்றித்தான். 1683–84ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் தேம்சு இவ்வாறே உறைந்தபோது, ஜான் ஈவ்லின் என்பார் தம் நாட்குறிப்பில் அதனைப் பதிவுசெய்தார். வந்தவர்களின் பெயரைப் பனிமேல் வைத்தே அச்சிட்டுக் கொடுத்த அச்சுக்காரர், பெயருக்கு ஆறு பென்ஸ் வீதம் நாளொன்றுக்கு 5 பவுன் ஈட்டியதாக மதிக்கப்பட்டது. அஃதாவது நாளுக்கு 200 பெயர்கள்! பாடல்கள் விற்ற வருவாய் இதில் சேராது. அது எவ்வளவு என்று ஈவ்லின் எழுதவில்லை. கவிஞர்களுக்கு அது வியப்பளிக்காது.

அதே நாட்குறிப்பு மறுபக்கத்தையும் காட்டுகிறது. மரங்கள் பிளந்தன, பறவைகள் மடிந்தன, எரிபொருள் விலை ஏறியதால் ஏழைகளைக் காக்க நிதி திரட்டவேண்டியதாயிற்று. ஒரே பனி சிலருக்குத் திருவிழா, பலருக்குப் பசி.

அரசர் இரண்டாம் சார்லசும் குடும்பத்துடன் வந்து ஒரு தாள் அச்சிட்டுக்கொண்டார். அதில் உள்ள நாள் 1684 ஜனவரி 31. இங்கிலாந்து அன்று பழைய நாள்காட்டியைப் பின்பற்றியது. இன்றைய கணக்கில் அது பிப்ரவரி 10. வரலாற்றில் இந்த நாள் என்று பேசுவோரும் பனிமேல் நடப்போரைப் போலக் காலைப் பார்த்தே வைக்கவேண்டும்.

அத்தாளில் அரசர், அரசி, அரசரின் தம்பி ஜேம்ஸ், அவர் மனைவி, அவர் மகள் ஆன், ஆனின் கணவர் ஆகியோர் பெயர்கள் உள்ளன. கடைசியில் இன்னொரு பெயர்: 'ஹான்ஸ் இன் கெல்டர்'. நிலவறையில் உள்ள ஹான்ஸ் என்பது அதன் பொருள். கருவுற்றிருந்த ஆனின் வயிற்றுப் பிள்ளையைக் குறித்த டச்சு வேடிக்கைச் சொல் அது. பிறக்கும் முன்பே ஒரு பிள்ளையின் வருகையை அச்சேற்றி அரச குடும்பம் சிரித்து மகிழ்ந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அப்பிள்ளை உயிரின்றிப் பிறந்தது. பனி உருகிப் போயிற்று, பிள்ளையும் வாழவில்லை. பனிமேல் அச்சான அந்த ஒற்றை வரியில்தான் அப்பிள்ளை இன்றும் அனைவரும் எதிர்நோக்கும் பிள்ளையாக இருக்கிறது.

1814இல் பனி உடைந்த பிப்ரவரி 5ஆம் நாளிலும் அச்சுக்காரர்கள் ஓயவில்லை. தேம்சின் உறைபனி வரலாற்றைக் கூறும் 'ஃப்ராஸ்டியானா' என்னும் நூலின் முகப்புத்தாள் அந்த நாளைத் தாங்கியே பனிமேல் அச்சாயிற்று. காலடியில் தரை விரிசல் விடும்போதும் எழுத்துக் கோத்த அம்மனிதர்களை, பத்தாண்டுகள் கைப்பொருளிட்டு மலர் கொண்டுவரும் இலக்கிய வட்டத்தார் எளிதில் புரிந்துகொள்வர். நிலம் எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டுவிட்டு எவரும் எழுதத் தொடங்குவதில்லை.