பாட்டும் பேச்சும்

இருவர் கூடிய இடத்தில் பாட்டைப் பற்றிய பேச்சு எழுவது நம் நாட்டில் இயல்பு. புகைவண்டியில் எதிரெதிரே அமர்ந்த, முன்பின் அறியாத இருவர், ஊர் எது, போகும் இடம் எது என்று வினவி முடித்த பின், எங்கிருந்தோ காதில் விழும் ஒரு மெட்டைப் பற்றிக்கொள்வர். "இதற்கு இசை அமைத்தவர் இன்னார்" என்பார் ஒருவர். "அல்ல" என்பார் மற்றவர். அவ்வளவுதான், அடுத்த நிலையம் வந்ததும் போனதும் இருவருக்கும் தெரியாது. இறங்கும்போது பெயரைக் கூடக் கேட்டுக்கொள்ளாமல் பிரிவர். ஆயினும் அந்த மெட்டைக் கேட்கும்போதெல்லாம் ஒருவரை ஒருவர் நினைத்துக்கொள்வர்.

இத்தகைய பேச்சை வீண் பேச்சு என்று தள்ளுவோர் உண்டு. பாடுவோர் பாடுகின்றனர், கேட்போர் கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே, இடையே வாதம் எதற்கு என்பது அவர்கள் வினா. நியாயமான வினாதான். அதற்கு விடை காண, இந்தித் திரைப்பாட்டு ரசிகர்களின் கதையைச் சிறிது நினைவுகூர்வோம்.

1949-ஆம் ஆண்டில் 'மஹல்' என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதில் மதுபாலா தோன்றும் ஒரு பாட்டு நாட்டையே கிறங்க அடித்தது. அதன் இசைத்தட்டை வாங்கிப் பார்த்தவர்கள், பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'காமினி' என்று கண்டார்கள். காமினி என்பது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர்! திரையில் வாயசைத்தவர் வேறு, குரல் கொடுத்தவர் வேறு என்பதைச் சொல்ல வேண்டும் என்று அக்காலத்தில் எவரும் எண்ணவில்லை. ஆனால் வானொலியில் அப்பாட்டைக் கேட்ட நேயர்கள் சும்மா இருக்கவில்லை. இந்தக் குரல் யாருடையது என்று கேட்டுக் கடிதங்கள் எழுதினார்கள். வானொலியார் இசைத்தட்டு நிறுவனத்தாரை விசாரித்தார்கள். விடை வந்தது: லதா மங்கேஷ்கர். அப்பெயர் வானொலியில் ஒலித்தது. பின்னணிப் பாடகருக்கும் ஒரு பெயர் உண்டு, அதைச் சொல்வது கடமை என்னும் வழக்கம் வேரூன்ற அக்கடிதங்களும் காரணம். ஃபிலிம்ஃபேர் பரிசுகளில் பின்னணிப் பாடகருக்கென்று ஓர் இடம் ஏற்பட்டது 1959-இல்தான். பரிசுக் குழுவினருக்குத் தோன்றுவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, அஞ்சலட்டை எழுதிய நேயருக்கு அது தோன்றிவிட்டது. ரசிகரின் பேச்சு வீண் அல்ல என்பதற்கு இது முதற் சான்று.

இரண்டாவது சான்று இன்னும் சுவையானது. 1952-இல் மத்திய அரசில் செய்தி ஒலிபரப்புத் துறையை ஏற்ற டாக்டர் பி. வி. கேஸ்கர், சாஸ்திரீய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். திரைப்பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் துணிபு. வானொலியில் திரைப்பாட்டின் நேரம் சுருங்கியது. பின்னர் பட உற்பத்தியாளருடன் பிணக்கு முற்றி, அநேகமாக நின்றே போயிற்று. இதில் ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பது தகாது. அதே ஆண்டில் தொடங்கிய தேசிய சங்கீத நிகழ்ச்சியால், கச்சேரி மண்டபத்தையே கண்டிராத சிற்றூர்வாசியும் பெரும் வித்துவான்களின் இசையைக் கேட்க முடிந்தது. கர்நாடக இசையை வடக்கும், இந்துஸ்தானி இசையை தெற்கும் கேட்டன. அது பெரும்பணி என்பதில் ஐயமில்லை.

ஆனால், நல்லதைக் கொடுப்பது வேறு. பிடித்ததைப் பறிப்பது வேறு. பறிகொடுத்த நேயர் வாளாவிருக்கவில்லை. பெட்டியின் முள்ளைச் சற்றே திருப்பினார். கடல் கடந்து கொழும்பிலிருந்து சிற்றலையில் இலங்கை வானொலி கேட்டது! 1952 டிசம்பரில் அங்கே 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. பம்பாயில் ஒலிப்பதிவாகி, நாடா கொழும்பு சென்று, அங்கிருந்து இந்தியா முழுவதும் ஒலித்த நிகழ்ச்சி அது. 2024-இல் மறைந்த அமீன் சயானி அதன் குரல். சகோதரிகளை முதலிலும் சகோதரர்களைப் பின்னரும் விளிப்பது அவர் வழக்கம். தொடக்கத்தில் ஏழு பாட்டுக்களை ஒலிபரப்பி, அவற்றை வரிசைப்படுத்தி எழுதுமாறு நேயரைக் கேட்டார்கள். சரியாக எழுதுவோருக்கு 100 ரூபாய் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கே சுமார் 9,000 கடிதங்கள் வந்தன என்று சயானி பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பின்னர் நிகழ்ச்சியே வரிசைப் பட்டியலாயிற்று. ஒவ்வோர் இடத்தையும் அவர் 'படி' என்று பொருள்படும் சொல்லால் குறித்தார். எந்தப் பாட்டு எந்தப் படியில் நிற்கிறது என்பது புதன்கிழமை இரவின் பேச்சு. வியாழக்கிழமை காலையில் அலுவலகத்தில் சண்டை.

கேட்பவர் ஓடிவிட்டதைக் கண்டபின் நம் நாட்டு வானொலியும் வழி மாற்றிக்கொண்டது. 1957 அக்டோபர் 3-ஆம் நாள் 'விவித் பாரதி' பிறந்தது. திரைப்பாட்டு வீடு திரும்பியது. ஐந்து ஆண்டுகளில் ஓர் அரசின் கொள்கையை மாற்றியவர்கள் ஊர்வலம் போனவர்கள் அல்லர். வீட்டில் அமர்ந்து முள்ளைத் திருப்பியவர்கள்.

அந்நாளைய ரசிகரைப் பற்றிப் பேசும்போது ஜும்ரி தலையாவை மறக்கலாகாது. இன்றைய ஜார்க்கண்டில், கோடர்மா மாவட்டத்தில் உள்ள சிற்றூர் அது. பூமியிலிருந்து அப்பிரகம் எடுக்கும் வட்டாரம். நேயர் விருப்பம் ஒலிக்கும் போதெல்லாம், 'ஜும்ரி தலையாவிலிருந்து' என்று தொடங்கிப் பெயர்கள் சரம் சரமாக வரும். அப்படி ஓர் ஊரே இல்லை, வானொலிக்காரர்களின் கற்பனை என்று கூடப் பலர் எண்ணினார்கள். உண்மையில் அங்கே அஞ்சலட்டை எழுதுவதில் போட்டி நடந்தது. ஒரு பாட்டுக்கு யார் முந்தி எழுதுவது, யார் பெயர் அதிகம் வாசிக்கப்படுகிறது என்று ஊரே கணக்கு வைத்தது. வானொலிப் பெட்டிக்குள் இருந்த சில மின்தேக்கிகள் அப்பிரகத்தால் ஆனவை. அந்த மண்ணில் தோண்டியெடுத்த பொருள் நாட்டின் வானொலிகளைப் பேச வைத்தது. அவ்வூர் மக்களோ, தம் பெயரும் அதில் ஒலிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அதில் பிழை என்ன? பெரிய நகரங்களின் பெயர் நாள்தோறும் செய்தியில் வரும். சிற்றூரின் பெயர் வருவதற்குப் பாட்டு ஒன்றுதான் வழி.

இதுவரை ரசிகரின் பெருமையைப் பேசினோம். சிறுமையையும் பேசுவதுதான் நேர்மை. பற்று முற்றினால் பகை ஆகிறது. முகம்மது ரஃபியா, கிஷோர் குமாரா என்னும் சண்டை அப்படிப்பட்டது. 1969-இல் 'ஆராதனா' வந்தது. அப்படத்தில் இருவருமே பாடியிருந்தாலும், கிஷோர் குமாரின் அலை அதிலிருந்துதான் எழுந்தது. அன்று தொடங்கிய வழக்கு இன்றும் முடியவில்லை.

தில்லியில் நாம் சில நண்பர்கள் ஞாயிறு மாலைகளில் கூடுவது வழக்கம். அவர்களுள் இருவர் இந்த வழக்கின் இரு கட்சிகள். ஒரு நாள் பேச்சு வளர்ந்து, ரஃபி கட்சிக்காரர் சொன்னார்: "உங்களுக்குச் செவி இருக்கிறது, ஸார், கேள்விதான் இல்லை." சொல் அழகாக இருந்தது, ஆகவே ஆழமாகத் தைத்தது. மற்றவர் எழுந்து போனார். அடுத்த மூன்று மாதம் அவர் நாற்காலி வெறுமையாக இருந்தது. நாம் எல்லோரும் அன்று அந்தச் சொல்லுக்குச் சிரித்தவர்கள். நாற்காலியைப் பார்க்கும் போதெல்லாம் அந்தச் சிரிப்பு உறுத்திற்று.

ஒரு மாலை, நம்முள் மூத்தவர் ஒருவர் அந்த நண்பரின் வீட்டுக்கே சென்று அழைத்து வந்தார். சமாதானம் எதுவும் பேசவில்லை. பழைய படம் ஒன்றிலிருந்து ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினார். 1958-இல் வந்த 'ராகினி' அது, நம் பத்மினி நடித்த இந்திப் படம், ஓ. பி. நய்யார் இசை. திரையில் அமர்ந்து சாஸ்திரீய சாயலில் பாடுகிறவர் கிஷோர் குமார். குரலோ ரஃபியினுடையது! தானே பெரும் பாடகராய் இருந்தும், அந்தப் பாட்டுக்கு ரஃபியின் குரலுக்குத் தன் வாயை அசைத்திருக்கிறார் கிஷோர். பாட்டு முடிந்ததும் மூத்தவர், "அவர்களுக்குள் இடையூறு இல்லை, நமக்குள் ஏன்?" என்றார். ரஃபி கட்சிக்காரர் எழுந்து மற்றவருக்குத் தேநீர்க் கோப்பையை எடுத்துக் கொடுத்தார்.

இருவரும் கட்சி மாறிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். இன்றும் வாதிக்கிறார்கள். ஆனால் "உங்களுக்குத் தெரியாது" என்ற பேச்சுப் போய், "எந்த இடத்தில்? மறுபடி போடுங்கள், கேட்போம்" என்ற பேச்சு வந்திருக்கிறது. மாறுதல் சிறிதுதான், ஆயினும் நட்பைக் காத்தது அதுவே.

கலைஞர்களுக்குள் பிணக்கே இராது என்பதல்ல. 1960-களின் தொடக்கத்தில், பாட்டுக்கு உரிமைத்தொகை கேட்பதைப் பற்றி லதாவுக்கும் ரஃபிக்கும் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. சில ஆண்டுகள் இருவரும் சேர்ந்து பாடவில்லை. பிறகு சேர்ந்து பாடினார்கள். பாடியவர்கள் மறந்துவிட்ட பிணக்கை ரசிகர்கள் மட்டும் பிதிரார்ஜிதச் சொத்தைப் போல் காத்துவருவது என்ன விந்தை!

எல்லா வாதமும் இப்படிப்பட்டதல்ல. அறிவை வளர்க்கும் வாதமும் உண்டு. ஹார்மோனியத்தைப் பற்றிய வழக்கு அதற்கு எடுத்துக்காட்டு. 1940-இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை விதித்தது. அதன் கட்டைகள் பன்னிரண்டு நிலையான சுரங்களையே தரும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகமும், நுண்ணிய சுருதி வேறுபாடும் அதில் பிறவா என்றனர் ஒரு சாரார். ரவீந்திரநாத தாகூரும் அக்கருவியை விரும்பாதவர். மறு சாராரோ, தும்ரியும் கவ்வாலியும் பஜனையும் மராத்திய நாடக மேடையும் அதைத் தம் வீட்டுப் பொருளாக்கிக்கொண்டுவிட்டன. நல்ல கலைஞன் கையில் கருவியின் குறை மறையும் என்றனர். 1971-இல் தடை தளர்ந்தது. வென்றவர் யார் என்பது பெரிதன்று. முப்பது ஆண்டு வாதத்தில், சுருதி என்றால் என்ன, கமகம் என்றால் என்ன என்பதைச் சாதாரண ரசிகரும் காது கொடுத்துக் கற்றார். அவ்வாதம் ஆளைப் பற்றியதன்று, ஒலியைப் பற்றியது. ஆகவே பயன் தந்தது.

நம் காலத்தில் அஞ்சலட்டை போய்விட்டது. கைப்பேசியில் விரல் பட்ட மாத்திரத்தில் அபிப்பிராயம் உலகெங்கும் செல்கிறது. எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண் பாட்டின் பக்கத்திலேயே தெரிகிறது. அந்த எண்ணே தீர்ப்பு என்று கருதி, தமக்குப் பிடித்த பாடகரின் எண்ணை உயர்த்துவதற்காகவே ஒரு பாட்டை ஓயாமல் ஓட விடுவோரும் இருக்கின்றனர். ஓடுகிறது; ஆனால் யாரும் கேட்கவில்லை! இதைவிடப் பாட்டுக்கு வேறு அவமதிப்பு வேண்டுமா? கீத்மாலாவின் படிகளும் எண்ணிக்கையால் அமைந்தவைதாம். ஆயினும் எந்தப் படியிலும் ஏறாத எத்தனையோ பாட்டுக்கள் இன்றும் நிலைத்திருக்கின்றன. உச்சியில் நின்ற சில, மறந்தே போயின. எண்ணிக்கை ஒரு செய்தி, அது தீர்ப்பாகாது. அமைச்சரின் ஆணையும் அவ்வாறே. ரசனையை மேலிருந்து ஆணையிடவும் முடியாது, கீழிருந்து எண்ணிச் சொல்லவும் முடியாது.

பின் எவ்வாறு வளரும்? பேசிப் பேசித்தான் வளரும். அந்தப் பேச்சுக்குச் சில முறைகள் உண்டு. ஒரு பாட்டைப் பழிக்கும் முன் அதை முழுதும் ஒரு முறை கேட்பது முதலாவது. ஆளைச் சொல்லாமல் இடத்தைச் சொல்வது இரண்டாவது. சரணத்தில் இந்த வளைவு, பல்லவியில் இந்த நிறுத்தம் என்று சுட்டினால் எதிரியும் கூடவே கேட்பார். மூன்றாவது, பாடியவரோடு எழுதியவரையும் இசையமைத்தவரையும் பெயர் சொல்லி நினைப்பது. 'காமினி' என்ற பெயருக்குப் பின்னே ஒரு லதா மறைந்திருந்ததைப் போல, ஒவ்வொரு பாட்டின் பின்னும் வயலின்காரர், தபலாக்காரர், ஒலிப்பதிவாளர் என்று எத்தனையோ பேர் இன்னும் மறைந்திருக்கின்றனர். அவர்கள் யார் என்று கேட்டு எழுதும் ரசிகர், கட்சி கட்டும் ரசிகரினும் மேலானவர்.

நான்காவது முறை கடினமானது: நாம் பிழைபட்டிருக்கலாம் என்று ஒப்புக்கொள்வது. பத்து ஆண்டுகளுக்கு முன் நாம் வெறுத்த ஒரு பாட்டு, ஏதோ ஒரு துயர நாளில் காதில் விழுந்து நம்மைத் தேற்றிய அனுபவம் நம்மில் பலருக்கும் இருக்கும். பாட்டு மாறவில்லை, கேட்கும் நாம் மாறியிருந்தோம். அதை அறிந்தவர், மற்றவரின் செவியை இகழமாட்டார்.

அடுத்த முறை ஒரு நண்பர் நமக்குப் பிடிக்காத பாடகரைப் புகழும்போது, "எந்தப் பாட்டு? போடுங்கள், கேட்போம்" என்று சொல்லிப் பார்ப்போம். வாதத்தில் தோற்றாலும் ஒரு நல்ல பாட்டு கிடைக்கும், நாற்காலியும் வெறுமையாகாது.