சாம்பு நீட்டிய விரல்

(சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சின்ன வயதில் பிடித்த புத்தகம் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டதும், யோசிக்காமல் 'துப்பறியும் சாம்பு' என்று சொல்லிவிட்டேன். சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டு உட்காரலாம் என்று நினைப்பு. திருப்பூர் புத்தகத் திருவிழாவில் வாங்கி வைத்திருந்த பிரதியை எடுத்துத் திரும்பப் படித்தேன். சிரிப்பு வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

இளையவர்களுக்காக ஒரு அறிமுகம். எழுதியவர் தேவன். இயற்பெயர் மகாதேவன், 1913இல் திருவிடைமருதூரில் பிறந்தவர். ஆனந்த விகடனில் பணியாற்றியவர். 44 வயது நிறையும் முன்பே, 1957இல் காலமாகிவிட்டார். சாம்பு கதைகள் 1942இல் விகடனில் வரத் தொடங்கின, மொத்தம் 50. படங்கள் ராஜு வரைந்தார். பின்னாளில் கோபுலு கைவண்ணத்தில் சித்திரத் தொடராகவும் வந்தது.

அதற்கு முன் தமிழில் துப்பறியும் கதை என்றால் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்து நாவல்கள். பெரும்பாலும் ஆங்கிலக் கதைகளின் தழுவல். துப்பறிகிறவர் மகா புத்திசாலியாக இருப்பார். தேவன் அதைத் தலைகீழாக்கினார். சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா, முட்டாள் என்று பெயர் வாங்கியவன். அசட்டுத்தனமாக எதையாவது செய்வான், எங்கேயாவது போய் முட்டிக்கொள்வான். அங்கேதான் திருடன் இருப்பான்! இன்ஸ்பெக்டர் கோபாலன் அசந்து போவார். வீட்டில் வேம்பு பெருமைப்படுவாள்.

என் பெரியப்பா வீட்டில், விகடனிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொகுப்பு இருந்தது. அட்டை கிடையாது. அமராவதி வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து அதை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. கூட்டாளிகளெல்லாம் தமிழ்வாணனின் சங்கர்லாலாக ஆசைப்பட்டார்கள். எனக்குச் சாம்புதான்.

பி.காம். முடித்து நானும் பேங்க் குமாஸ்தா ஆனேன். எங்கள் கிளையில் ஒரு அட்டெண்டர். கொஞ்சம் மெதுவான மனுஷர், ஒன்றைச் சொன்னால் இன்னொன்றைக் கொண்டு வருவார். அவருக்கு 'சாம்பு' என்று பெயர் வைத்தது நான்தான். ஒரே வாரத்தில் கிளை முழுக்க அதுவே பெயராகிவிட்டது.

எண்பதுகளில் ஒரு சம்பள நாள். மில்காரர்கள் வரிசையாகப் பணம் எடுத்துப் போனார்கள். சாயங்காலம் கணக்கு முடிக்கையில் ரொக்கத்தில் 5,000 ரூபாய் குறைந்தது. அந்தக் காலத்து 5,000! நாலு தடவை எண்ணியாயிற்று. அப்போது யாரோ சொன்னார்கள்: "சாம்பு ஏன் இன்னைக்கு டீ குடிக்காம சுத்திட்டு இருக்கான்? முகமெல்லாம் வேர்வையா இருக்கு?" அவ்வளவுதான் துப்பு. எல்லோரும் அவரைப் பார்த்தோம். பையைத் திறக்கச் சொன்னோம். உள்ளே ஒரு காலி டிபன் பாக்ஸும் துண்டும் இருந்தன. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஒரு மில் குமாஸ்தா வந்தார். "சார், ஐம்பது ரூபாய்க் கட்டு ஒன்று கூடுதலா வந்துடுச்சு" என்று மேசையில் வைத்தார். நூறு நோட்டு, 5,000 ரூபாய். கணக்கு நேராகிவிட்டது. அட்டெண்டரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் வழக்கம்போல டீ கொண்டு வந்து வைத்தார். அன்றிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற நாளில்கூடக் கேட்கவில்லை.

இந்த முறை படித்தபோது அதுதான் உறுத்தியது. சாம்பு காரணமே இல்லாமல் விரலை நீட்டினாலும், அது திருடன் மேலேயே போய் நிற்கும். தேவன் அப்படி அமைத்துக் கொடுத்திருக்கிறார், அதனால் நிம்மதியாகச் சிரிக்கிறோம். நாம் நீட்டுகிற விரலுக்கு அப்படி அமைத்துக் கொடுக்க யாரும் இல்லை. இன்னொன்றும் தோன்றியது. அன்று எங்கள் கிளையில் சாம்பு வேலை பார்த்தது அந்த அட்டெண்டர் இல்லை, நாங்கள்தான்.

நம் வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறேன். போன மாதம் ஒரு பார்சல் காணோம் என்று செய்தி வந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வருகிற அம்மா, தண்ணீர் கேன் போடும் பையன் என்று மூன்று பேர் மேல் சந்தேகம் எழுதியாயிற்று. பார்சல் எதிர் பிளாக்கில் அதே எண் கொண்ட வீட்டில் பத்திரமாக இருந்தது. கண்டுபிடித்ததும் எல்லோரும் கட்டைவிரல் போட்டோம். அந்த மூன்று பேரிடம் யார் போய்ப் பேசினோம்? நானும் பேசவில்லை. நேற்றுதான் போனேன். வாட்ச்மேன் சொன்னார், "பரவால்லீங்க ஐயா, பழகிப் போச்சுங்க."

அதனால் ஒரு வேண்டுகோள். ஏதாவது காணாமல் போனால் முதலில் பொருளைத் தேடுவோம். கேட் ரிஜிஸ்டரைப் பார்ப்போம், கேமரா பதிவைப் பார்ப்போம், பக்கத்து வீட்டில் கேட்போம். பேர் எழுதுவது கடைசியில் இருக்கட்டும். தப்பாகிப் போனால், குழுவில் எழுதியவரே நேரில் போய்ச் சொல்லட்டும்.

என் 'சாம்பு' பிரதியைச் சங்க அறை அலமாரியில் வைத்திருக்கிறேன். எடுத்துப் படியுங்கள், வயிறு வலிக்கச் சிரியுங்கள். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போங்கள். காணாமல் போனால் யாரையும் சந்தேகப்பட மாட்டேன்.