திறன் பயிற்சியின் செலவை யார் ஏற்பது?

(தொழிற்சங்க முன்னணி ஊழியர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

நமது இளைஞர்களுக்கு வேலை கிடைக்காததற்கு அவர்களிடம் திறன் இல்லாததே காரணம் என்ற வாதம் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லப்பட்டு வருகிறது. முதலாளிகளின் அமைப்புகள் இதைச் சொல்கின்றன, ஆட்சியாளர்கள் வழிமொழிகிறார்கள். இதன் மூலம் வேலையின்மைக்கான பொறுப்பு, அரசின் கொள்கையிலிருந்தும் மூலதனத்தின் முடிவுகளிலிருந்தும் விலக்கப்பட்டு, வேலை தேடும் இளைஞரின் தலையில் சுமத்தப்படுகிறது.

திறன் பயிற்சி வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. அது தொழிலாளியின் உரிமை. அதன் செலவை யார் ஏற்கிறார்கள், பயிற்சி பெற்றவருக்கு என்ன கிடைக்கிறது என்பவையே நம் முன் உள்ள கேள்விகள்.

இலக்குகளும் எதார்த்தமும்

2022ஆம் ஆண்டுக்குள் 50 கோடிப் பேருக்குத் திறன் பயிற்சி என்று 2009ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை அறிவித்தது. 2015இல் மோடி அரசு 40 கோடி என்றது. இந்தியத் தொழிலாளர்களில் முறையான பயிற்சி பெற்றோர் 4.69 விழுக்காட்டினர் மட்டுமே என்று அதே 2015ஆம் ஆண்டின் கொள்கை ஆவணம் ஒப்புக்கொண்டது. ஜெர்மனியில் 75, ஜப்பானில் 80, தென்கொரியாவில் 96 விழுக்காடு என்று ஒப்பிட்டும் காட்டியது. 2022 கடந்துவிட்டது. இலக்கைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

ஜெர்மனியை உதாரணம் காட்டுவோர் ஒன்றைச் சொல்வதில்லை. அங்கு பயிற்சியின் பெரும்பகுதி ஆலைக்குள், முதலாளியின் செலவில் நடைபெறுகிறது. பல தொழில்களில் பயிற்சியாளரின் ஊதியம் கூட்டு ஒப்பந்தத்தால் தீர்மானிக்கப்படுகிறது. பயிற்சி குறித்த முடிவுகளில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. இங்கோ, 2015 ஜூலையில் தொடங்கப்பட்ட பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் மக்கள் வரிப்பணம் தனியார் பயிற்சி மையங்களுக்கு, தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் வழங்கப்பட்டது. சில மாதப் பயிற்சி, ஒரு சான்றிதழ், அத்துடன் பொறுப்பு முடிந்தது. இத்திட்டத்தை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பயனாளிகளின் பதிவுகளில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவற்றில் வங்கிக் கணக்கு விவரம் வெற்றிடமாகவோ வெறும் பூஜ்யங்களாகவோ இருந்ததை அது வெளிப்படுத்தியது.

இத்திட்டத்தின் மற்றொரு பிரிவு, ஏற்கெனவே வேலை செய்வோரின் திறனை மதிப்பிட்டுச் சான்று வழங்குவது. இருபது ஆண்டுகள் கொத்து வேலை செய்தவருக்கு அரசின் சான்றிதழ் கிடைப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்தச் சான்றிதழால் அவரது கூலி ஒரு ரூபாயாவது உயர்கிறதா? குறைந்தபட்சக் கூலி அறிவிக்கைகளில் திறனற்றோர், ஓரளவு திறன் பெற்றோர், திறன் பெற்றோர் என்ற பிரிவுகள் உள்ளன. ஓர் அமைச்சகம் ‘திறன் பெற்றவர்’ என்று சான்றளித்தவரை, ஒப்பந்தக்காரர் ‘திறனற்றவர்’ பட்டியலில் வைத்தே கூலி கொடுக்க முடிகிறது. இரண்டையும் இணைக்கும் கட்டாயம் இல்லாதவரை சான்றிதழ் வெறும் காகிதமே.

பயிற்சியின் பெயரால் மலிவு உழைப்பு

முதலாளிகளின் பங்கு என்ன? 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பயிற்சி அளிக்கும் பொறுப்பை நிறுவனங்கள் மீது சுமத்தியது. ஆனால் அச்சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்ல. பாதுகாப்பு, காயத்துக்கான இழப்பீடு போன்றவை தவிர, ஏனைய தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. 2014ஆம் ஆண்டின் திருத்தம், கடமை தவறும் முதலாளிக்கு இருந்த சிறைத் தண்டனையை நீக்கி, அபராதம் மட்டும் என்றாக்கியது. பழகுநரின் வேலை நேரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தையும் முதலாளியிடமே கொடுத்தது. 2019இல், ஒரு நிறுவனம் தன் ஆட்பலத்தில் 15 விழுக்காடு வரை பழகுநர்களை வைத்துக்கொள்ளலாம் என்று விதிகள் தளர்த்தப்பட்டன. அப்போது நிர்ணயிக்கப்பட்ட மாத உதவித்தொகை 5,000 முதல் 9,000 ரூபாய் வரை. அதிலும் 25 விழுக்காட்டை, 1,500 ரூபாய் என்ற உச்சவரம்புடன், அரசே ஏற்கும் திட்டம் 2016 முதல் உள்ளது. பயிற்சி முடித்தவருக்கு வேலை தர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

2024ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் வந்த பிரதமர் உள்ளகப் பயிற்சித் திட்டத்தைப் பாருங்கள். நாட்டின் 500 பெரிய நிறுவனங்களில், ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்குப் பயிற்சி என்றார்கள். அப்போது அறிவிக்கப்பட்ட மாத உதவித்தொகை 5,000 ரூபாய். அதில் அரசின் பங்கு 4,500 ரூபாய். நிறுவனத்தின் பங்கு 500 ரூபாய். அதையும் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நாட்டின் மிகப்பெரிய நிறுவனங்கள் தமது எதிர்காலத் தொழிலாளிக்குச் செய்யும் செலவு, தானக் கணக்கில் எழுதப்படுகிறது!

முதலாளிகள் ஏன் செலவிட மறுக்கிறார்கள்? பயிற்சி பெற்றவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார் என்கிறார்கள். தொழிலாளியை நிலைக்க விடாதவர்கள் யார்? ஆண்டுத் தொழில் ஆய்வின்படி, ஒழுங்கமைக்கப்பட்ட உற்பத்தித் துறையில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பங்கு இன்று 40 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. பதினோரு மாதத்தில் வெளியேற்றப் போகிறவருக்கு எந்த முதலாளி மூன்றாண்டுப் பயிற்சி அளிப்பார்? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் தொகுப்புகள், குறித்தகால வேலையைச் சட்டபூர்வமாக்கி இந்நிலையை மேலும் மோசமாக்குகின்றன. நிரந்தர வேலைக்கான போராட்டமும் திறனுக்கான போராட்டமும் ஒன்றே.

நமது கோரிக்கைகள்

முதலாளிகளிடமிருந்து பயிற்சி வரி வசூலிப்பது புதுமையான யோசனை அல்ல. பிரேசிலில் 1940களிலிருந்தே தொழில் நிறுவனங்களின் ஊதியத் தொகையில் 1 விழுக்காடு தொழிற்பயிற்சிக்காக வசூலிக்கப்படுகிறது. தென்னாப்பிரிக்காவில் இதே அளவு வரிக்கு 1999ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. பிரிட்டனில் 2017 முதல் பெரிய நிறுவனங்கள் 0.5 விழுக்காடு செலுத்துகின்றன. நமது நாட்டிலும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு நலநிதிக்கு வசூலிக்கப்பட்டு வந்தது. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு.

எனவே நாம் கோருவது: பெரிய, நடுத்தர நிறுவனங்கள் மீது பயிற்சி வரி, அந்த நிதியின் நிர்வாகத்தில் தொழிற்சங்கங்களுக்கு இடம், அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை வலுப்படுத்தல், சான்றிதழ் பெற்ற நாளிலிருந்தே உரிய கூலிப் பிரிவு, வேலை நேரத்துக்குள், ஊதியத்துடன் பயிற்சி, பயிற்சி முடித்தோரை நிரந்தரப் பணியிடங்களில் அமர்த்தும் கட்டாயம்.

தோழர்களே, இவற்றுக்காக அரசிடம் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க முடியாது. ஒவ்வொரு ஆலையிலும் எத்தனை பழகுநர்கள் உள்ளனர், எந்த இயந்திரத்தில் நிற்கின்றனர், சென்ற ஆண்டு பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கைச் சங்கம் எடுக்க வேண்டும். அடுத்த ஊதிய ஒப்பந்தத்தின் கோரிக்கைப் பட்டியலில் அவர்களது பிரச்சனை இடம்பெற வேண்டும். பழகுநரை நமது வேலையைப் பறிக்க வந்தவராக நிரந்தரத் தொழிலாளி கருதுவதையே நிர்வாகம் விரும்புகிறது. வேலைநிறுத்த நாளில் அதே இளைஞரைக் கொண்டு உற்பத்தியை நடத்துவது அதன் திட்டம். அவர் அருகில் நின்று வேலையைக் கற்றுக்கொடுப்பவர் நமது உறுப்பினர்தான். வேலையைக் கற்றுக்கொடுக்கும் அதே கரம் அவரைச் சங்கத்துக்கும் அழைத்து வரட்டும்.